உடுவிலில் ஊன்றிய வேர்: ஹாரியட் வின்சுலோ அம்மையார்

பிள்ளைகளைக் காண வைட்ஃபீல்டிலிருந்து அமெரிக்கா சென்று மீளும் பெற்றோர் நம் சங்கத்தில் பலர். அவர்களுட் சிலர் வாஷிங்டன் நகரின் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்கியிருப்பர். அந்நிலையத்தின் பெயருக்குரியவர், 1953 முதல் 1959 வரை அமெரிக்காவின் அயலுறவு அமைச்சராக விளங்கிய ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். அவருடைய தந்தையைப் பெற்ற பாட்டி யாழ்ப்பாணத்திற் பிறந்தவர். அப்பாட்டியின் அன்னையோ உடுவில் மண்ணிலேயே துயில்பவர். அவ்வன்னையின் வரலாற்றையே இம்மலரில் எழுதப் புகுந்தோம்.

ஹாரியட் லேத்ராப் 1796 ஏப்ரல் 9-ஆம் நாள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நார்விச் நகரில் தோன்றினார். செல்வாக்குள்ள குடும்பம், குறையொன்றும் இல்லை. ஆயினும் இளமையிலேயே ஏழைச் சிறார்க்கு ஞாயிறு தோறும் கல்வி புகட்டுவதில் அவர் உள்ளம் ஈடுபட்டது. 1819 ஜனவரியில் மைரன் வின்சுலோ எனும் பாதிரியாரை மணந்தார்; அவ்வாண்டு ஜூன் 8-ஆம் நாள் பாஸ்டன் துறையிலிருந்து 'இண்டஸ்' என்னும் கப்பலில் இருவரும் புறப்பட்டனர். பின்னாளில் தமிழகத்தில் மருத்துவத் தொண்டால் பெயர் பெற்ற ஸ்கட்டர் குடும்பத்தின் முதல்வரும் அதே கப்பலில் வந்தார் என்பது நினைக்கத்தக்கது. கல்கத்தா வழியாக இலங்கையை அடைந்த வின்சுலோ தம்பதியர் 1820-இல் உடுவிலில் குடியேறினர்.

அக்காலத்து யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்கு எழுத்தறிவு வேண்டியதென்று கருதியவர் அரியர். கற்ற பெண் எனின் கோயிலில் ஆடும் மகளிரே என்ற எண்ணம் ஊர்தோறும் வேரூன்றியிருந்தது. மகளைப் பள்ளிக்கு விடுத்தால் மணம் பேச எவர் வருவார் என்று தாய்மார் அஞ்சினர். அவ்வச்சத்தை நாம் நகையாடுவதற்கில்லை. பெண்ணின் வாழ்வு முழுவதும் அந்த ஒரு மணத்தையே சார்ந்திருந்த காலம் அது. இதனை உணர்ந்தே, பள்ளியில் வளர்ந்த பெண் மணம் புரியுங்கால் சிறு சீதனம் கொடுக்கும் வழக்கத்தையும் அமெரிக்க மிஷனார் கைக்கொண்டனர். இந்நிலையில் அம்மையார் 1824-இல் உடுவிலில் பெண்களுக்கென ஓர் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். ஆசிய நாடுகளில் பெண்களுக்காக எழுந்த மிகப் பழைய உறைவிடப் பள்ளிகளுள் அது ஒன்று.

ஒரு செய்தி மட்டும் நமக்கு உவப்பாக இல்லை. அமெரிக்காவில் எவரேனும் ஒரு பிள்ளையின் செலவை ஏற்பின், அவர் விரும்பிய பெயரையே அப்பிள்ளைக்குச் சூட்டினர். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவருள் ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை. அப்பெயரில் முன்னிற்கும் கரோல் இவ்வாறு வந்ததே. ஆண்மக்கட்கு இயற்பெயரும் உடன் நின்றது. பெண்மக்களின் இயற்பெயர்களோ பெரும்பாலும் மறைந்தொழிந்தன. ஒயிட் என்பாரின் பெயர் தாங்கிய ஊரில் வாழும் நாம், ஒரு பெயர் எத்துணைக் காலம் நிலைக்கும் என்பதை அறிவோம். மறைந்த பெயரை மீட்டல் அரிது.

அம்மையாருக்குத் துயரங்கள் பல நேர்ந்தன. 1820-இல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், புதிய அமெரிக்கப் பாதிரிமார் எவரும் இலங்கைக்கு வரலாகாதெனத் தடுத்தார். ஆகவே துணைக்கு ஒருவரும் வந்திலர். கல்விக்காக அமெரிக்கா அனுப்பிய மகன் சார்லஸ், அந்நாட்டை அடைந்தபின் 1832-இல் இறந்தான். 1833 ஜனவரி 14-ஆம் நாள், முப்பத்தேழாம் வயது நிறையுமுன்னரே, அம்மையார் உடுவிலில் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே தடை நீங்கியது. அவர்தம் தங்கையர் மூவர் ஒருவர் பின் ஒருவராக யாழ்ப்பாணம் வந்தனர். தமக்கையைக் காணும் பேறு அவர்கட்கு இல்லை. அவருள் ஒருவர் கணவரோடு வாந்திபேதிக்கு இரையானார்.

கணவர் பின்னர்ச் சென்னையில் தங்கி, நைட் பாதிரியார் தொகுத்து வைத்ததை அடிப்படையாகக் கொண்டு, தமிழ்ப் புலவர்களின் துணையோடு 67,000-க்கு மேற்பட்ட சொற்களையுடைய தமிழ் - ஆங்கில அகராதியை 1862-இல் வெளியிட்டார். வின்சுலோ அகராதி என்றால் தமிழ் கற்றார் அறியாதார் இலர். 1835-இல் அவர் வெளியிட்ட மனைவியின் வரலாறு, அம்மையாரின் கடிதங்களையும் நாட்குறிப்பையும் கொண்டது. இக்குடும்பத்தின் வழிமுறையை ஆராய்வார்க்கு அதுவே முதற்றுணை.

தாயின் பெயரையே தாங்கிய மகள் ஹாரியட், ஜான் வெல்ஷ் டல்லஸ் என்பவரை மணந்தார். அவ்விருவரும் சிலகாலம் சென்னையில் தொண்டாற்றினர். அவர்தம் மைந்தர் ஆலன் மேசி டல்லஸ்; அவருடைய மைந்தரே நாம் முற்கூறிய அமைச்சர். கொள்ளுப்பாட்டியைத் தேடி இவ்வழியே செல்வார்க்கு டல்லஸ் என்ற பெயரில் வின்சுலோவும் புலப்படாது, லேத்ராப்பும் புலப்படாது. மணந்தபோதெல்லாம் ஒரு பெயர் கழிந்தது. நம் இல்லங்களிலும் பாட்டனின் பாட்டன் பெயரைச் சொல்வோர், பாட்டியைப் பெற்றவள் பெயரைக் கேட்டால் மூத்த அத்தையின் முகத்தையன்றோ பார்க்கிறோம்!

அம்மையாருக்குப் பின் ஸ்பால்டிங் தம்பதியர் பள்ளியைப் பேணினர். 1840-இல் வந்த எலைசா ஆக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அதனை வளர்த்து, பாட்டி, மகள், பேத்தி என மூன்று தலைமுறையினர்க்குக் கற்பித்தார். உடுவில் மகளிர் கல்லூரி 2024-இல் இருநூறாண்டு நிறைவு கண்டது.