கண்களைத் திறந்த கதைகள்

பிறர் படும் துன்பத்தை நாள்தோறும் கண்டும் உணராதார் உலகிற் பலர். பழகிய காட்சியாதலின், அஃது அவர்கட்கு இயல்பாகவே தோன்றிவிடுகிறது. அத்தகையோரின் கண்களைத் திறக்கும் ஆற்றல் நல்ல சிறுகதைகட்கு உண்டு. உள்ளதை உள்ளவாறே எழுதிய ஒரு கதைத் தொகுதியால் தம் நாட்டு நிலவுடைமையாளரின் உள்ளத்தைத் தொட்டவர், உருசிய எழுத்தாளர் இவான் துர்கனேவ் ஆவார்.

துர்கனேவ் 1818ஆம் ஆண்டு ஒரியோல் என்னும் நகரிற் பிறந்தார். தந்தையார் குதிரைப்படை அலுவலர். அன்னையார் வார்வரா பெத்ரோவ்னா பெருஞ்செல்வம் உடையவர். ஏறத்தாழ 5,000 பண்ணையடிமைகள் அவருக்கு உரியராய் இருந்தனர். அந்நாளில் உருசியாவில் நிலம் மட்டுமன்றி, அதனை உழுவோரும் நிலவுடைமையாளரின் உடைமையாகவே கருதப்பட்டனர். அவர்களை விற்கலாம், அடிக்கலாம், படைக்கு அனுப்பிவிடலாம். வார்வரா கடுஞ்சினம் உடையவர். சிறு பிழை செய்த அடிமைக்கும் கசையடி கிடைக்கும். பெற்ற மகனும் அவர் கைப்பிரம்புக்குத் தப்பியதில்லை. அடிமைகளின் அழுகுரலைக் கேட்டு வளர்ந்த அச்சிறுவனின் உள்ளத்தில், அடிமை முறையின்மீது தீராத வெறுப்பு வேரூன்றியது.

மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க், பெர்லின் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களில் துர்கனேவ் பயின்றார். ஆயினும், நூல்களிற் கிடைக்காத கல்வி ஒன்றை அவர் காடுகளிலும் வயல்களிலும் பெற்றார். அவருக்குப் பறவை வேட்டையில் பெருவிருப்பம் உண்டு. தோளில் துப்பாக்கியும் உடன் நாயுமாகப் பல காதம் நடப்பார்; இருட்டிவிட்டால் உழவர் குடிசையில் தங்குவார்; அவர்கள் பேசுவதைப் பொறுமையுடன் கேட்பார். இவ்வாறு கண்டவற்றையும் கேட்டவற்றையுமே பின்னர்க் கதைகளாக்கினார். முதற் கதை 1847இல் திங்களிதழ் ஒன்றில் வெளிவந்தது. 1852இல் இருபத்திரண்டு கதைகள் 'வேட்டைக்காரரின் குறிப்புகள்' என்னும் பெயரில் நூலாயின.

அக்கதைகளில் வீர நிகழ்ச்சிகள் இல்லை. அடிமை முறையைப் பழித்துரைக்கும் சொற்பொழிவுகளும் இல்லை. முதற் கதையில் கோர், கலீனிச் என்னும் இரு உழவர்கள் வருகின்றனர். கோர் நிருவாகத் திறன் மிக்கவன்; தன் ஆண்டையின் அறிவின் அளவை நன்கு அறிந்தவன். கலீனிச் மென்மையானவன், தேனீ வளர்ப்பவன், நண்பனுக்காகக் காட்டுப் பழங்களைக் கொத்தாகப் பறித்து வருபவன். மற்றொரு கதையில், இரவில் குதிரைகளை மேய்க்க வந்த ஐந்து சிறுவர்கள் நெருப்பைச் சுற்றியமர்ந்து பேய்க்கதை பேசுகின்றனர். வேறொரு கதையில் நாகரிகம் மிக்க நிலக்கிழார் ஒருவர் தோன்றுகிறார். உணவு வேளையில் மதுவைச் சூடாக்கத் தவறிய பணியாளைத் தண்டிக்குமாறு, குரலைச் சற்றும் உயர்த்தாமல் ஆணையிடுகிறார். ஆசிரியர் அவரை ஒரு சொல்லாலும் வையவில்லை. படிப்பவரே அக்கொடுமையை உணர்ந்து நாணுகின்றனர்.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. இக்கதைகளில் வரும் உழவருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். நூலை வாங்கிப் படித்தோரோ கற்றவர்கள். அவருட் பலர் அடிமைகளை உடையவர்கள். உழவரின் அறிவையும் அன்பையும் துயரையும் படித்த அவர்கள், தம் வீட்டுப் பணியாளும் தம்மைப் போன்ற மனிதனே என்பதனை எண்ணிப் பார்க்க வேண்டியவராயினர்.

துர்கனேவ் தாம் எழுதியதற்கு மாறாக நடக்கவில்லை. 1850இல் அன்னையார் இறந்தபின், வீட்டுப் பணியில் இருந்த அடிமைகளை விடுதலை செய்தார். அரசு அவரை ஐயத்துடன் நோக்கியது. 1852இல் எழுத்தாளர் கோகல் மறைந்தபோது, அவரைப் போற்றி எழுதிய கட்டுரையைக் காரணமாகக் காட்டி, அவரை ஒரு திங்கள் சிறைப்படுத்தியது. பின்னர் அவருடைய சிற்றூரைவிட்டு வெளியேறாதவாறு ஓராண்டிற்கு மேலாகத் தடுத்து வைத்தது. கதைத்தொகுதி வெளிவர இசைவளித்த தணிக்கையாளரும் பதவி இழந்தார். சிறையிலும் துர்கனேவின் எழுதுகோல் ஓயவில்லை. பேச இயலாத அடிமை ஒருவனின் துயரைக் கூறும் 'முமு' என்னும் கதை அங்கே உருவாயிற்று.

மன்னர் இரண்டாம் அலெக்சாந்தரும் இக்கதைகளைப் படித்து மனம் நெகிழ்ந்தார் என்பர். 1861இல் அவர் பண்ணையடிமை முறையை ஒழித்தார். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் விடுதலை பெற்றனர். கிரிமியப் போரில் அடைந்த தோல்வியும் உழவரின் கிளர்ச்சிகளும் இதற்குக் காரணங்களாம். விடுதலை பெற்றோரும் நிலத்திற்காக நெடுங்காலம் பணம் செலுத்த நேர்ந்தது. ஆதலின் ஒரு நூலே அடிமை முறையை ஒழித்ததெனல் பொருந்தாது. ஆயினும் சட்டம் வருமுன்னரே கற்றவர் நெஞ்சினை அதற்கு ஆயத்தம் செய்தவற்றுள் இந்நூலும் ஒன்று.

பிற்காலத்தில் துர்கனேவ் ஐரோப்பிய நாடுகளிலேயே பெரிதும் வாழ்ந்தார். 1879இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் அவருக்குச் சிறப்புப் பட்டம் வழங்கியது. 1883இல் பாரிசு நகரின் அருகே அவர் மறைந்தார். அவர் விருப்பப்படியே உடல் தாய்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டுப் பீட்டர்ஸ்பர்க்கில் அடக்கம் செய்யப்பட்டது.

செல்வர் வீட்டிற் பிறந்தும் எளியோரின் குடிசையில் அமர்ந்து அவர்கள் கூறியதைச் செவிமடுத்தவர் துர்கனேவ். அவர் கேட்டவற்றை நாடே கேட்குமாறு செய்தன அவர்தம் கதைகள். எளியோரை மதித்து நோக்கும் கண்ணே எழுத்தாளனுக்கும் படிப்பவனுக்கும் வேண்டிய முதற் செல்வமாகும்.