சொல் தேடிய முனிவர்



தேர்வு மண்டபத்தில், நன்கு தெரிந்த சொல்லொன்று நாவின் நுனியில் நின்று வெளிவர மறுப்பதை நாம் அனைவரும் அறிவோம். அவ்வேளைகளில் நான் வீரமாமுனிவரை நினைத்துக்கொள்வேன். சொல் தேடுவோர்க்கு வழியமைத்துத் தந்த பெருமகனார் அவர்.

இத்தாலியில் 1680ஆம் ஆண்டு பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, இயேசு சபைத் துறவியாகி 1710இல் கோவா வந்திறங்கினார். அங்கிருந்து தமிழகம் புகுந்து, கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் தங்கினார். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை இயற்றினார்.

நம் முன்னோர் இளமையிலேயே நிகண்டுகளை மனப்பாடம் செய்தனர். ஒரு சொல் வேண்டுமாயின் செய்யுளை ஓதிக்கொண்டே சென்று அதனை எட்டிப் பிடித்தனர். ஏறத்தாழ முப்பது வயதில் தமிழ் பயிலத் தொடங்கியவர்க்கு அவ்வழி எளிதாகுமா? தாம் பட்ட அருமைப்பாடே அவரை 1732இல் சதுரகராதி படைக்கத் தூண்டியிருக்கும் என்று கருதுகின்றேன்.

அந்நூலுக்கு வாயில்கள் நான்கு. சொல்லை அறிந்து பொருள் தேடுவோர்க்குப் பெயரகராதி. பொருளை அறிந்து சொல் தேடுவோர்க்குப் பொருளகராதி. முக்கனி, ஐம்பூதம் என இனமாக வருவன தேடுவோர்க்குத் தொகையகராதி. எதுகை தேடும் புலவர்க்குத் தொடையகராதி.

மனித மனமும் இவ்வாறே தேடுகின்றது! 1966இல் அமெரிக்க உளவியலார் பிரவுன், மெக்நீல் இருவரும் ஆய்ந்து இதனைக் கண்டனர். மறந்த சொல்லைக் கூற இயலாதவரும் அதன் முதலெழுத்தையும் அசைகளின் எண்ணிக்கையையும் பலவேளை சரியாகச் சொன்னார்கள். ஒலியிலோ பொருளிலோ அதனை ஒத்த சொற்கள் அவர்கள் நினைவில் எழுந்தன.

இதன் அருமையை நான் உப்பிலியபுரத்தில் என் வீட்டுத் திண்ணையிலேயே கண்டேன். பக்கவாதத்திற்குப் பின் என் தாத்தாவிற்குப் பொருள்கள் தெரிந்தன, பெயர்கள் வரவில்லை. ஆயுள் முழுதும் உழுத அவர், கலப்பையைக் கண்டும் கண்கலங்கி நின்றார். “உழுவது எது தாத்தா?” என்று கேட்டுப் பயனில்லை. “க...” என்று தொடங்கினேன், “கலப்பை” என்று முடித்தார். ஒரு வாயில் அடைபட்டாலும் மற்றொரு வாயில் திறந்திருந்தது.

முனிவர் 1747இல் மறைந்தார். சதுரகராதி முழுமையாக அச்சேறியது 1824இல்தான். நண்பர்களே! நம் முதியோர் சொல்லுக்குத் தடுமாறும்போது நகையாமல், பொறுமையின்றிக் குறுக்கிட்டு நாமே சொல்லி முடிக்காமல், முதலெழுத்தை மட்டும் எடுத்துக்கொடுப்போம். மீதியை அவர்களே மீட்டெடுக்கட்டும்.