மழையின் கணக்கைத் தேடிய கில்பர்ட் வாக்கர்

எல் நினோ என்ற சொல் இன்று நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எம்.கே.பி. நகர் தெருக்களில் வெள்ளம் தேங்கியதும் எல் நினோ ஆண்டுகளில்தான். பசிபிக் கடலுக்கும் நம் மழைக்கும் உள்ள உறவை அறியப் பாதை போட்டவர் சர் கில்பர்ட் வாக்கர்.

1868இல் இங்கிலாந்தின் ராச்டேலில் பிறந்த இவர், 1889இல் கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார். எறிந்த பூமராங் ஏன் திரும்பி வருகிறது என்று ஆராய்ந்தவர். வானிலை அவருடைய துறையே அல்ல. அவரை இந்தியாவுக்கு அழைத்து வந்தது பஞ்சம் என்றே சொல்ல வேண்டும்.

1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மக்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள். நம் பகுதிக்கு அருகே ஓடும் பக்கிங்காம் கால்வாயில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு அப்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். மழை பொய்த்தது உண்மை. ஆனால் மக்கள் பட்டினி கிடந்தபோதும் தானிய ஏற்றுமதியை நிறுத்தாத அரசை நாம் மறந்துவிட முடியாது. அந்த அரசுக்குத்தான் பின்னர் மழையை முன்கூட்டி அறியும் அவசரம் வந்தது. 1875இல் தொடங்கிய வானிலைத் துறையின் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு, இமயமலைப் பனியின் அளவை வைத்துப் பருவமழையைக் கணித்தார். அடுத்து வந்த எலியட் 1899இல் நல்ல மழை பெய்யும் என்றார். கடும் வறட்சி வந்தது.

1904இல் பொறுப்பேற்ற வாக்கர், உலகின் பல ஊர்களிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை பற்றிய பதிவுகளைத் திரட்டினார். கணினி இல்லாத காலம். இந்திய எழுத்தர்கள் கையாலேயே கணக்கிட்டார்கள். புகழ் வாக்கருக்குப் போனது. பசிபிக்கில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடலில் தாழ்கிறது, அங்கே தாழ்ந்தால் இங்கே உயர்கிறது என்று கண்டு, அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார்.

மழையைக் கணிப்பது மறைவான ஞானத்தில் தலையிடுவதாகாதா என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. வாக்கர் தேடியது வாய்ப்பின் அளவை மட்டுமே.

1913 பிப்ரவரியில் அவர் சென்னை வந்திருந்தார. நம் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக இருந்த ராமானுஜனின் கணக்குகளை, துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவரிடம் காட்டினார். வாக்கர் உடனே பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. மழைக்காக வந்த மனிதர் நம் ஊருக்குச் செய்த பெரிய உபகாரம் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஏனெனில் அவருடைய பருவமழைக் கணிப்புகள் பெரிதாகப் பலிக்கவில்லை. அந்த அலைவு ஏன் நடக்கிறது என்பதற்கும் அவரிடம் விளக்கம் இல்லை. 1924இல் ஓய்வுபெற்று லண்டனில் பேராசிரியரானார். 1958இல் தம் 90ஆம் வயதில் இறந்தார். 1969இல்தான் பியர்க்னெஸ் என்ற அறிஞர் தென் அலைவை எல் நினோவோடு இணைத்து விளக்கி, அந்தக் காற்றுச் சுழற்சிக்கு வாக்கரின் பெயரைச் சூட்டினார்.

எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறைகிறது. நமக்கு வரும் வடகிழக்கு மழையோ பல முறை கூடுகிறது. 1982-83இல் வந்த பெரிய எல் நினோவை முன்கூட்டி அறிய முடியாமல் போன பிறகுதான் பசிபிக்கில் வரிசையாக மிதவைகள் நிறுவப்பட்டன. கடல் சூடேறிவரும் இக்காலத்தில், வாக்கர் கண்ட உறவு இனியும் அப்படியே நீடிக்குமா என்று ஆய்வாளர்கள் ஆராய்ந்து வருகிறார்கள்.