ஜானகி அம்மையார்

வைகைக் கரையில் அமைந்த மதுரை, தமிழ் வளர்த்த நகரம் மட்டுமன்று. உழைப்பாளர் நிறைந்த நகரமுமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு ஹார்வி நூற்பாலை தோன்றியது. பின்னர் ஆலைகள் பெருகின. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மக்கள் வேலை நாடி வந்தனர். ஆலைகளில் நூல் சுற்றும் பணியிலும், வயல்களில் நாற்று நடுதல், களை பறித்தல் ஆகிய பணிகளிலும் பெண்கள் ஈடுபட்டனர். ஆயினும், ஆடவர் பெற்ற கூலியினும் பெண்டிர் பெற்ற கூலி குறைவாகவே இருந்தது. தனியே நின்று கேட்பவள் வேலையையே இழக்க நேரிடும். பலர் ஒன்றுகூடிக் கேட்டாலன்றி நியாயம் பிறவாது என்பதை உணர்த்தி, உழைப்போரைத் திரட்டிய பெருமாட்டியே கே. பி. ஜானகி அம்மையார்.

இவர் 1917-ஆம் ஆண்டில் மதுரையில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்து, பாட்டியின் ஆதரவில் வளர்ந்தார். எட்டாம் வகுப்பு வரை பயின்றபின், இசையும் கற்று, திங்களுக்கு 25 ரூபாய் ஊதியத்தில் நாடகக் குழுவிற் சேர்ந்தார். கூலிக்கு உழைப்போர் படும் அல்லல்களை இவ்வாறு தம் வாழ்விலேயே கண்டறிந்தார். இனிய குரலும் நடிப்புத் திறனும் இவரைப் புகழ்பெற்ற நடிகையாக்கின. தியாகி விசுவநாததாசின் குலத்தைக் காரணங்காட்டி அவருடன் நடிக்க நடிகையர் சிலர் மறுத்தபோது, ஜானகி அம்மையார் தயங்காது முன்வந்து நடித்தார்.

நாடக மேடையிலிருந்து இவர் நாட்டுப் பணிக்கு வந்தார். காங்கிரசில் சேர்ந்து விடுதலைக்கு உழைத்தார். பின்னர்ப் பொதுவுடைமை இயக்கத்தில் இணைந்தார். கூட்டங்களில் இவர் பாடுவார். பாட்டைக் கேட்கத் திரண்ட மக்கள், தம் உரிமையையும் உணர்ந்து சென்றனர். இரண்டாம் உலகப் போரை எதிர்த்துப் பேசியமைக்காக இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டார். அதன் பின்னரும் பலமுறை சிறை புகுந்தார். மேடையில் ஈட்டிய பொன்னகைகளையும் பட்டாடைகளையும் விற்று இயக்கத்திற்கு ஈந்தார். துவரிமான் முதலிய சிற்றூர்களுக்குச் சென்று, உழவரையும் கூலியாட்களையும் ஒன்றுசேர்த்தார். எளியோர் இவரை அம்மா என்றே அழைத்தனர்.

1967-ஆம் ஆண்டில் மதுரை கிழக்குத் தொகுதி மக்கள் இவரைச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுத்தனர். பாப்பா உமாநாத்துடன் சேர்ந்து, 1974-ஆம் ஆண்டில் தமிழகத்தில் சனநாயக மாதர் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் வழங்கவேண்டும் என்னும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 1976-ஆம் ஆண்டில் இயற்றியது. எனினும், சட்டம் பிறந்த அளவிலேயே கூலி கைக்கு வந்துவிடுவதில்லை. அதனைக் கேட்டுப் பெறும் துணிவும் ஒற்றுமையும் வேண்டும். அவற்றை ஊட்டும் பணியிலேயே அம்மையாரின் முதுமையும் கழிந்தது.

1992-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளன்று அம்மையார் மறைந்தார். செல்வமும் புகழும் தேடித் தந்த தம் குரலை, பேச அஞ்சிய ஏழைப் பெண்டிர்க்கு ஈந்த பெருமை இவருடையது. அக்குரல் ஒன்று அடங்கிற்று; அதனைக் கேட்டுத் தலைநிமிர்ந்தோர் பலராயினர்.