ராஸி வைத்தியர் எழுதி வைத்த கணக்கு

மதரஸாவில் ஓதிய காலத்தில் ராஸி என்றால், தப்ஸீர் எழுதிய இமாம் ஃபக்ருத்தீன் ராஸி அவர்களையே நாம் அறிந்திருந்தோம். அவர்களுக்குச் சற்றேறக் குறைய முந்நூறு வருஷங்களுக்கு முன், அதே ரை பட்டணத்தில் மற்றொரு ராஸி வாழ்ந்தார். அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸி என்பது அவர் பெயர். வைத்திய உலகம் கொண்டாடும் ராஸி இவரே. நோயாளிக்குப் பக்கத்தில் இருப்போர் எல்லோரும் அறிய வேண்டிய விஷயம் ஒன்று இவர் சரித்திரத்தில் உண்டு.

ரை என்பது இன்றைய ஈரான் நாட்டின் தெஹ்ரானை அடுத்த ஊர். ஹிஜ்ரி 251, அதாவது கி.பி. 865-ஐ ஒட்டி ராஸி அங்கே பிறந்தார். வைத்தியம் கற்றுத் தேர்ந்து, முதலில் சொந்த ஊரிலும் பின்னர் பக்தாதிலும் ஆஸ்பத்திரித் தலைவராக இருந்தார்.

அவருடைய சபையில் மாணவர்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருப்பார்கள். வரும் நோயாளி முதலில் கடைசி வரிசையில் இருப்பவர்களிடம் தம் குறையைச் சொல்வார். அவர்களுக்கு விளங்காவிட்டால் அடுத்த வரிசைக்குப் போவார். அங்கும் விளங்காவிட்டால்தான் ராஸி பேசுவார். ஏழை நோயாளிகளுக்கு அவர் உதவித்தொகை கொடுத்ததோடு, தாமே பணிவிடையும் செய்தார் என்று இப்னு நதீம் எழுதியிருக்கிறார். அந்தப் பணிவிடைக்கு அவர் இட்ட அரபுச் சொல்லின் வேரிலிருந்துதான், இன்று அரபு நாடுகளில் நர்ஸைக் குறிக்கும் முமர்ரிளா என்ற சொல்லும் வருகிறது.

பெரியம்மையையும் தட்டம்மையையும் பற்றி ராஸி தனிக் கிதாபு எழுதினார். முத்துப் போடுவதற்கு முன்பே முதுகு வலி மிகுந்தால் பெரியம்மை என்றும், குமட்டலும் மனக்கலக்கமும் மிகுந்தால் தட்டம்மை என்றும் அடையாளம் சொன்னார். கண்ணையும் தொண்டையையும் எப்படிக் காப்பது என்றும் எழுதினார். கண்ணில் பன்னீர் விடச் சொன்னார். பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்ததாக 1980-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. ஆயினும் நோயாளியை உற்றுப் பார்த்துப் பிரித்தறியும் அந்த முறை ஒழியவில்லை.

ராஸி தாம் படித்ததையும் பார்த்ததையும் குறித்துக்கொண்டே வந்தார். அவர் காலமான பின் அக்குறிப்புகள் அல்ஹாவி என்ற பெருநூலாயின. அதில் அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்ற நோயாளியின் விவரம் உண்டு. அவருக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. இது முறைக் காய்ச்சலா, சிறுநீரகத்தில் சீழ்க்கட்டியா என்று ராஸிக்கு நிச்சயப்படவில்லை. சில நாளில் சிறுநீரில் சீழ் வந்தது. கட்டிதான் என்று தெரிந்தது. அங்கே ராஸி தம் குறையைத் தாமே எழுதுகிறார். எழுந்து நிற்கும்போது இடுப்பில் பாரம் தெரிகிறதா என்று அவரிடம் கேட்கத் தாம் தவறிவிட்டதாகக் குறித்து வைத்தார்.

சகோதரர்களே, நாம் கடை வைத்திருப்பவர்கள். பிறர் தர வேண்டிய பாக்கியைப் பேரேட்டில் தவறாமல் எழுதுகிறோம். நம் கவனக் குறைவால் போன சரக்கை எழுதக் கை வருவதில்லை. எழுதாத நஷ்டமோ மறு வருஷமும் வருகிறது. ஒரு நாட்டின் தலைசிறந்த வைத்தியர், தாம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியை மாணவர்கள் படிக்கும்படி எழுதி வைத்தார் என்றால், அது எவ்வளவு பெரிய மனம்!

அவர் எல்லாவற்றிலும் சரியாகச் சொல்லிவிடவில்லை. மூளைக் காய்ச்சலுக்கு இரத்தம் எடுப்பது நல்லதா என்று அறிய, ஒரு கூட்டத்தாருக்கு எடுத்து மற்றொரு கூட்டத்தாருக்கு எடுக்காமல் விட்டுப் பார்த்தார். நல்லது என்றே முடிவு செய்தார். அந்த முடிவை இன்றைய வைத்தியம் ஏற்பதில்லை. ஆனால் முன்னோர் சொல் என்று விட்டுவிடாமல், இப்படிச் செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்று ஒப்பிட்டுப் பார்த்தாரே, அந்த வழியில்தான் இன்றைய வைத்தியம் நடக்கிறது. கிரேக்க மேதை ஜாலினூஸைக் குருவாக மதித்தவர், அவர் சொன்னவற்றில் தமக்குள்ள சந்தேகங்களையும் ஒரு நூலாக எழுதினார்.

கடைசிக் காலத்தில் பார்வை இழந்து, ஹிஜ்ரி 313, கி.பி. 925-ல் ராஸி தம் சொந்த ஊரிலேயே காலமானார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து, எப்போதிருந்து வலி, நின்றால் வலியா படுத்தால் வலியா என்று திரும்பத் திரும்பக் கேட்கும்போது நாம் சலித்துக்கொள்கிறோம். ராஸி கேட்க மறந்த கேள்வியைத்தான் அவர் கேட்கிறார். மறைக்காமல் பதில் சொல்வோம். நம் பிள்ளைகளில் யாரேனும் அந்த வேலைக்குப் போக விரும்பினால், வெறும் பணிவிடை என்று குறைத்துப் பேசாமல், அறிவும் அமானிதமும் வேண்டிய வேலை என்று அறிந்து துஆ செய்து அனுப்புவோம்.