மூன்று நிமிஷத் தோடி

முகூர்த்த நாளில் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் பஸ்ஸில் போனால், கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் கேட்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் சில இடங்களில் மேளக்காரர் ஒருவரும் இருக்கமாட்டார். ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கும்!

வாசிப்பவர் எதிரில் இல்லாமலே நாதஸ்வரத்தைக் கேட்டு மயங்கும்படி நம் ஜனங்களைப் பழக்கிய இசைத்தட்டு ஒன்று உண்டு. அது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத் தட்டு.

ஜெயங்கொண்டத்திலிருந்து அணைக்கரைப் பாலம் தாண்டித் தெற்கே போனால் திருவாவடுதுறை அதிக தூரமில்லை. ஆனால் அவர் பிறந்தது திருமருகலில், 1898 ஆகஸ்டு 27-ந் தேதி. பெற்றோர் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய்மாமன் நடேச பிள்ளை, திருவாவடுதுறை ஆதீனத்து நாதஸ்வர வித்வான். அவர்தான் பையனை எடுத்து வளர்த்தார். பையன் முதலில் கற்றது வாய்ப்பாட்டு. நாதஸ்வரம் பிறகுதான் கைக்கு வந்தது. அதனால்தானோ என்னவோ, அவர் குழல் பாடுவது போலவே இருக்கும்.

சட்டை போட்டார்!

அந்தக் காலத்தில் நாதஸ்வரக்காரர் சட்டை போடக்கூடாது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெரிய மனிதர்கள் முன்னால் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். ராஜரத்தினம் இதற்கு இணங்கவில்லை. கிராப்பு வைத்தார். கோட்டு மாட்டினார். பாட்டுக் கச்சேரி வித்வான்களைப் போல மேடையில் உட்கார்ந்து வாசித்தார். திமிர் பிடித்தவர் என்று சிலர் ஏசினார்கள். சொன்ன நேரத்துக்கு அவர் வராத நாட்களும் உண்டு, அதை மறைப்பானேன்? ஆனால் அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்ற மேளக்காரர்களுக்கும் உட்கார இடம் கிடைத்தது.

வாத்தியத்தையும் அவர் விடவில்லை. முன்பு வழங்கிய திமிரி நாதஸ்வரம் குட்டையானது, சுருதி அதிகம். நீளமான பாரி நாதஸ்வரத்தில் ஒலி கம்பீரமாக வரும். ஆனால் சுத்த மத்யமம் சரியாகப் பேசாது. தோடிக்கு அந்த ஸ்வரம் இல்லாமல் முடியுமா? நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரியோடு சேர்ந்து குழலைத் திருத்தித் திருத்தி அதைப் பேச வைத்தார்.

தட்டுக்குள் அடங்குமா?

கோயில் திருவிழாக்களில் தோடியை மணிக்கணக்கில் வாசிப்பவர் அவர். கிராமபோன் தட்டோ நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். சீமையிலும் இதே தொல்லைதான். அரை மணிக்கு மேல் ஓடும் பீத்தோவனின் பியானோ இசையைத் துண்டு துண்டாக்கி நாலைந்து தட்டுகளில் அடைத்தார்கள். ஆனால் அது எழுதி வைத்த இசை. எங்கே வெட்டலாம் என்று தாளைப் பார்த்து முடிவு செய்யலாம். நம்மவருக்குத் தாள் ஏது? மனத்தில் ஊறுவதை அப்போதைக்கப்போது வாசிக்க வேண்டும். கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தட்டை இன்று கேட்டாலும் அவசரம் தெரியவில்லை. ஊசியின் கரகரப்புக்கு நடுவே ரவைகள் மழையாகக் கொட்டுகின்றன. சட்டென்று ஒரு ஸ்வரத்தில் நிற்கிறார். மூச்சு எங்கே எடுத்தார் என்றே புரிவதில்லை. இன்றைய தெளிவான ஒலிப்பதிவுகள் பலவற்றில் எனக்கு இந்த நிறைவு கிடைப்பதில்லை. ஒரே குறை: தட்டு தீர்ந்துவிடுகிறது, ராகம் தீரவில்லை.

1940-ல் காளமேகம் படத்தில் கதாநாயகனாகவும் நடித்தார். நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்டில் டில்லியில் மங்கள இசை வாசித்தார். 1956 டிசம்பர் 12-ந் தேதி சென்னையில் காலமானார். அவர் வாசித்தது போன்ற குழலை நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர்கள் இன்றும் ஆச்சா மரத்தில் கடைந்து தருகிறார்கள். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.