தோர்ணக்கல் பந்தி

1910ஆம் ஆண்டு ஜூன் திங்களில் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடிற்று. ஏறத்தாழ 1,200 பேராளர்கள் வந்திருந்தனர். அவர்களுள் ஆசியத் திருச்சபைகளைச் சேர்ந்தோர் இருபதின்மர்கூட இலர். அச்சிலருள் ஒருவர், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அப்போது அவருக்கு வயது 35. அயல்நாட்டு ஊழியரும் நாட்டு ஊழியரும் ஒத்துழைப்பது குறித்துப் பேசுமாறு அவரைப் பணித்திருந்தனர். அவரோ கைகுலுக்கலைப் பற்றியும் சாப்பாட்டு மேசையைப் பற்றியும் பேசினார். ஒரே ஆண்டவரைப் பணிந்து ஒரே ஊரில் ஆண்டுக்கணக்கில் உடன் உழைத்தும், இந்தியரை ஒருவேளை உணவுக்கேனும் தம் வீட்டுக்கு அழைத்திராத மிஷனெரிகள் உளர் என்பதை ஒளிக்காமல் சொன்னார். பொருளையும் உயிரையும் ஈந்தவர்கள் நட்பையும் ஈய வேண்டும் என்று இரந்து தம் உரையை முடித்தார். அவையில் சிலர் முகம் சுளித்தனர். பலர் அதை வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

அசரியா கவிஞரல்லர். நம் இலக்கிய வரலாறுகள் அவரைக் கண்டுகொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆயினும் சொல்லைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அவர் வாழ்வில் ஒரு செய்தி உண்டு. சொல்பவர்கள் தமக்குள் எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பார்த்தே கேட்பவன் அச்சொல்லை எடை போடுகிறான் என்பதை அவர்போல் அஞ்சி உணர்ந்தவர் அரியர். (சங்கம் அமைத்துத் தமிழ் வளர்க்கும் நாம், சங்கத்துக்குள் ஒருவரையொருவர் எவ்வாறு வளர்த்தோம் என்பது வேறு கதை.)

1874 ஆகஸ்ட் 17இல் பிறந்தவர் அவர். தந்தை தாமஸ் வேதநாயகம் சிற்றூர்க் குருவானவர். நெடுநாள் காத்திருந்து பெற்ற ஆண்மகவு ஆதலின் சாமுவேல் என்னும் பெயர் பொருந்திற்று. தந்தையை இளமையிலேயே இழந்தார். தாயார் எலன் அம்மையார் மெய்ஞ்ஞானபுரத்துப் பள்ளி விடுதியைக் கவனித்து மகனை ஆளாக்கினார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்றவர், கணிதத் தேர்வு வேளையில் நோயுற்றதால் பட்டம் பெறவில்லை. 1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகி ஊர் ஊராகச் சுற்றினார். ஷெர்வுட் எடி என்னும் அமெரிக்க இளைஞர் அந்நாளில் அவருக்கு உயிர்த்தோழரானார். வெள்ளையரிடம் நட்பு வேண்டியவர், அந்நட்பின் சுவையை அறிந்தே வேண்டினார்.

1902இல் யாழ்ப்பாணம் சென்றார். ஆங்குள்ள தமிழ்க் கிறித்தவர் தம் சொந்தப் பொருளைக் கொண்டு பிற இடங்களுக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டு நாணினார். மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. 1905இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம். பிறரை அனுப்பிவிட்டுத் தாம் இருப்பது அவருக்கு ஒவ்வவில்லை. 1909இல் நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல்லுக்குத் தாமே பெயர்ந்தார். தமிழர், தெலுங்கு கற்று, தெலுங்கரோடு வாழ்ந்தார். 1912 டிசம்பர் 29இல் கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. ஐரோப்பிய மிஷனெரிகளை ஓர் இந்தியன் ஆள்வதா என்ற முணுமுணுப்பு எழாமலில்லை. இறக்கும்வரை, ஒரு திருமண்டலத்தின் தலைமையில் அமர்ந்த இந்தியர் அச்சபையில் அவர் ஒருவரே என்பதிலிருந்து அம்முணுமுணுப்பின் ஆயுளை அறியலாம்.

அவருடைய சபையார் பெரும்பாலும் மாலா, மாதிகா என்னும் இரு குலத்தார். இரு குலமும் ஊருக்குப் புறத்தே தள்ளப்பட்டவை. எனினும் ஒன்றின் கையால் மற்றது உண்ணாது. எடின்பரோவில் வெள்ளையரிடம் கேட்ட அதே கேள்வியை அசரியா இங்கே தம் மக்களிடம் கேட்க வேண்டியதாயிற்று. இது எளிதன்று, மேலேயுள்ளவனைக் குறைகூறுவது எல்லார்க்கும் கைவந்தது. திருவிருந்தில் சாதிக்கொரு வரிசை என்பதற்கு அவர் இணங்கவில்லை. அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் நான்கு பேய்களென்று சொல்லி ஊர்தோறும் எதிர்த்தார். ஞானஸ்நானம் பெற்றவன் தன் தலைமேல் தானே கைவைத்து, நற்செய்தி சொல்லாதிருந்தால் தனக்குக் கேடு என்று உறுதி கூறுமாறு பழக்கினார்.

இதனை ஊருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தோர் நிலமுடைய குடியானச் சாதியார். கூலிக்கு வருவோன் குடிப்பதை விட்டான், நேற்றுப் பகைத்தவனோடு உண்கிறான் என்பதை அவர்கள் கண்டனர். 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் அச்சாதியாரும் ஆயிரக்கணக்கில் தெலுங்குச் சபைகளில் சேர்ந்தனர். தாம் தீண்ட மறுத்த மக்களிடம் கண்ட மாற்றமே அவர்களை ஈர்த்ததென்று அசரியா கருதினார். மாலா, மாதிகா பிணக்கு அடியோடு அற்றதென எண்ணலாகாது. அவருக்குப் பின்னும் அது தொடர்ந்தது. கூட்டங்கூட்டமாக மதம் மாற்றுவதைக் காந்தியடிகள் கடிந்துகொண்டதும், இருவரும் ஒத்துப்போகாததும் தனி வரலாறு.

பந்தி ஒன்றானாலும் சபைகள் பலவாயிருந்தன. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் என்ற பிரிவுகள் ஐரோப்பியச் சண்டைகளின் எச்சங்கள். கோதாவரிக் கரை உழவனுக்கு அவற்றால் ஆவதென்ன? 1919 மே முதல் இரு நாள்கள், சீகன்பால்கு கரையிறங்கிய அதே தரங்கம்பாடியில் 33 பேர் கூடினர். இருவர் நீங்கலாக அனைவரும் இந்தியர். அசரியா அவர்களுள் முன்னின்றவர். தாம் உண்டாக்காத பிரிவினைகளால் தம் சாட்சி வலுவிழக்கிறது என்று அறிக்கை விடுத்து, ஒன்றுபட முனைந்தனர். 1927இல் லோசான் மாநாட்டில் அசரியா இன்னும் கடுமையாகப் பேசினார். மேலைநாட்டில் பிரிவினை ஒரு பலவீனமாக மட்டும் இருக்கலாம், பிற சமயத்தார் நடுவே அது பாவமும் இடறலுமாம் என்பது அவர் கருத்து.

1935இல் இந்து சமயத்தை விட்டு விலகப்போவதாக அம்பேத்கர் அறிவித்தபின் அசரியா அவரைச் சந்தித்தார். அம்பேத்கர் கேட்டவை இரண்டு கேள்விகள் என்று வரலாறு எழுதியோர் குறிப்பர். கிறித்தவரானால் எங்கள் மக்கள் எங்கு வாழ்ந்தாலும் ஒன்றாயிருப்பார்களா? சாதியின் பிடி முற்றும் நீங்குமா? இரண்டில் ஒன்றுக்கேனும் ஆம் என்று சொல்ல அசரியாவால் இயலவில்லை. வாழ்நாளில் அவ்வளவு வெட்கியதில்லை என்று அவர் பின்னர்க் கூறியதாகச் சொல்வர். எடின்பரோவில் கேட்டவர், இங்கே கேட்கப்பட்டார்.

1939 ஜனவரி 6இல் தோர்ணக்கல் பேராலயம் திருநிலை பெற்றது. கோயிற்றூண்களின் சாயலும் மசூதிக் குவிமாடங்களின் சாயலும் கலந்த கட்டடம் அது. அந்நாட்டார் அந்நியமாகக் காணாத ஒரு வழிபாட்டிடத்தை அவர் விரும்பினார்.

1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கல்லில் அவர் மறைந்தார். 1947 செப்டம்பர் 27இல் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு கைகூட 28 ஆண்டுகள் ஆயின. அன்று சேர மறுத்தவர்களுள், அசரியா தாமே ஆண்ட திருமண்டலத்தின் நந்தியால் பகுதியாரும் இருந்தனர்.